ஏழு சீட்டும் ஒரு தொப்பியும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், மாண்ட்ரியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில் இது நடந்தது. அன்று அங்கே ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கவிருந்தது. அது தொடங்குவதற்கு முன்பே நான் அதை முடித்துவைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. முழுத் திறமையையும் காட்டி, மிகக் கவனமாக வேலை செய்ததால் வந்த வினை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரி. மேற்படிப்புக்கு வந்து, இங்கேயே மென்பொருள் வேலையில் சேர்ந்து, லாசாலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறேன். மளிகை வாங்கப் போனால்கூட வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டுதான் போவேன். கால்பந்தில் எனக்குத் தெரிந்தவை: பந்து ஒன்று, வலை இரண்டு, சண்டை பல.

எனக்குக் கீழ்த் தளத்தில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதி இருக்கிறார்கள். அண்ணா இன்சூரன்ஸ் முகவர். ஆனால் அது அவருடைய பகுதி நேர வேலை என்றுதான் சொல்ல வேண்டும். முழு நேரமும் அவர் தங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். அக்கா கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறார். அண்ணாவையும் அந்தக் குழந்தைகளில் ஒன்றாகவே நடத்துவார். துணி துவைக்கும் அறையில் அறிமுகமாகி, பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுவரை நெருக்கமாகிவிட்டோம்.

யாழ்ப்பாணத்துக் கழகங்கள் இங்கே கோடைதோறும் தங்களுக்குள் கிண்ணம் வைத்து ஆடுவது வழக்கம். அண்ணாவுக்கு அது போதவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் வங்காளதேசத்தவர், பஞ்சாபியர், நேபாளிகள், பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அணி உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் அரிசி வாங்குவார்கள். ஆனால் ஆடுவது அவரவர் ஆட்களோடு மட்டும். எல்லோரையும் ஒரே நாளில், ஒரே கிண்ணத்துக்கு ஆடவைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. மூன்று குளிர்காலமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, டீ குடித்து, பேசிப் பேசி ஆட்களைச் சேர்த்திருந்தார். போட்டிக்கு அவர் வைத்த பெயர் ஆசியக் கழகக் கிண்ணம்.

"நிஜமான ஆசியக் கழகக் கிண்ணமும் இப்பிடித்தான் தொடங்கினது, தங்கச்சி," என்றார் ஒருநாள் சாப்பாட்டு மேசையில். "அறுபதுகளிண்ட கடைசியில. கொஞ்ச ரீம்தான் வந்தது. எல்லா மேட்சும் ஒரே ஊரில. ஒரு ரீம் இடையில ஒண்டும் ஆடாமலே பைனலுக்கு வந்து, கப்பையும் கொண்டு போனது எண்டு வாசிச்ச ஞாபகம்."

"ஆடாமலே எப்படிண்ணா ஒரு டீம் பைனல் வர முடியும்?"

"ரீம் கணக்குச் சரியா வராட்டி ஆரோ ஒராள் சும்மா இருக்கத்தானே வேணும். அது பரவாயில்லை. பேந்து, நாலாம் முறை பைனலே நடக்கேல்லை. ஒரு ரீம் மற்ற ரீமோட ஆடமாட்டம் எண்டு நிண்டிட்டுது. அரசியல். மற்ற ரீமிட்ட கப்பைச் சும்மா தூக்கிக் குடுத்தவங்கள். அதுக்குப் பிறகு பத்து வருசத்துக்கு மேல அந்தப் போட்டியே இல்லை."

"நம்ம போட்டியில அரசியல் இல்லையேண்ணா."

சமையலறையிலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரெண்டு தமிழ் ரீம் ஆடுது. அரசியல் இல்லையாம்."

அன்று இரவே நான் அந்தப் பழைய போட்டிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த நாலாவது இறுதி ஆட்டம் பற்றி அண்ணா சொன்னது சரிதான். பெரிய பெரிய சங்கங்களும் நாடுகளும் சேர்ந்து நடத்திய போட்டியே அப்படி நின்றுபோயிருக்கிறது என்றால், அக்கா கறி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸை விற்ற காசில் நடக்கும் எங்கள் போட்டி எவ்வளவு தாங்கும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஏழு அணிகள் சேர்ந்தன. இரண்டு தமிழ் அணிகள், மற்றவர்கள் ஆளுக்கு ஒன்று. ஏழு என்றால் முதல் சுற்றில் மூன்று ஆட்டம். மிச்சமிருக்கும் ஓர் அணி ஆடாமலே அரையிறுதிக்குப் போய்விடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் போட்டியில் அந்த இடம் பொன்னானது. மற்றவர்கள் வெயிலில் ஓடிக் களைக்கும்போது அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம்.

"நாங்கள் சீட்டு எழுதிக் குலுக்கிறனாங்கள்," என்றார் அண்ணா.

"இந்தக் காலத்துல சீட்டா? நான் ஒரு புரோகிராம் எழுதித் தரேண்ணா. ஒரு பட்டன் அழுத்தினா போதும். யாரும் குறை சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் வாயால்தான் சொன்னேன்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அணிகளைக் கலைத்துப் போடுவது, மைதானம் ஒதுக்குவது, ஆட்ட நேரம் மோதாமல் பார்ப்பது, எல்லாம் அதுவே செய்யும். சனிக்கிழமை மாலை என் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை பட்டனை அழுத்தினேன். வந்ததை அப்படியே ஏழு அணித் தலைவர்களுக்கும் அனுப்பினேன். ஆடாமல் அரையிறுதிக்குப் போகும் அணி எது என்று பார்த்தபோது ஒரு கணம் உறுத்தியது. அது அண்ணாவின் கழகம். போட்டியை நடத்துபவர்கள். ஆனால் ஏழில் ஒரு வாய்ப்பு யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். மாற்றினால்தான் மோசடி. விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு முறை மெட்ரோ மாறிப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா மேசை போட்டு ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அச்சிட்டுக் கொண்டுவந்திருந்த ஆட்ட அட்டவணையை வேலியில் ஒட்டப் போனேன். அதற்குள் வங்காளதேச அணியின் தலைவர் என்னிடம் வந்தார். பக்கத்துத் தெருவில் சேலைக் கடை வைத்திருப்பவர். அவரிடம் நானே துணி வாங்கியிருக்கிறேன். பேரம் பேசும்போதும் சிரித்துக்கொண்டே பேசுவார். அன்று சிரிக்கவில்லை.

"இதை நீதான் செய்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார், கைப்பேசியைக் காட்டி.

"ஆமாம். கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது."

"கம்ப்யூட்டர் யாருடையது?"

"என்னுடையது."

"நீ யார்?"

நான் யார்? செயலாளரின் மேல்வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிடுபவள். பதில் எனக்கே நன்றாக இல்லை. அதற்குள் மற்ற அணித் தலைவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இன்னொரு தமிழ் அணியின் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு இது புதுசும் இல்லை," என்றார். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவர் அவர்தான்.

கொஞ்சமும் பதற்றப்படவில்லை நான். இது தொழில்நுட்பச் சந்தேகம், தொழில்நுட்பமாகவே தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். மடிக்கணினியை எடுத்து ரோல்ஸ் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். "நீங்களே பாருங்கள், இது யாருக்கும் சார்பாக இல்லை," என்று சொல்லி எல்லோர் முன்னாலும் பட்டனை அழுத்தினேன். பஞ்சாபி அணிக்கு அந்த இடம் வந்தது. மறுபடி அழுத்தினேன். நேபாளத்துக்கு வந்தது. இன்னொரு முறை. பிலிப்பைன்ஸ்.

"பார்த்தீர்களா?" என்றேன் பெருமையாக. "ஒவ்வொரு முறையும் வேறு வேறு."

சேலைக் கடைக்காரர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியென்றால், உனக்குப் பிடித்தது வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்கலாம், இல்லையா?"

ஒரே முறைதான் அழுத்தினேன் என்பதற்கு ஆதாரம் கணினியில் பதிவாகியிருக்கிறது, காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். அந்தப் பதிவும் என் கணினியில்தான் இருக்கிறது என்று பஞ்சாபி அணித் தலைவர் பணிவாக நினைவுபடுத்தினார். அப்படியில்லை, அதை மாற்ற முடியாதபடி எழுத ஒரு முறை இருக்கிறது என்று நான் விளக்கப் போனபோது, அக்கா என் கையில் ஒரு ரோல்ஸைத் திணித்தார்.

"பிள்ளை, நீ கதைக்கக் கதைக்கக் கூடக் களவெடுத்தவள் மாதிரிக் கிடக்கு. இதைத் தின்னு. வாய் கொஞ்ச நேரம் மூடியிருக்கட்டும்."

வங்காளதேச அணி வேனில் பைகளை ஏற்றத் தொடங்கியது. அவர்களைப் பார்த்து நேபாள அணியினர் ஷூக் கயிற்றை அவிழ்த்தார்கள். அவ்வளவு நேரமும் எல்லோரிடமும் ஓடி ஓடிப் பேசிக்கொண்டிருந்த அண்ணா என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வாடிப்போயிருந்தது.

"நான் மாத்தலண்ணா. சத்தியமா ஒரே தடவைதான் அழுத்தினேன்."

"எனக்குத் தெரியும், தங்கச்சி. உனக்குக் களவு செய்யத் தெரியாது. தெரிஞ்சா எங்களுக்கு உந்த இடத்தைக் குடுத்திருக்க மாட்டாய்." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "இண்டைக்கு இவங்கள் போனா இனி வரமாட்டாங்கள். நான் திரும்பப் போய் எந்த முகத்தோட கூப்பிடுறது?" என்றார்.

அதுவரை எனக்கு என் புரோகிராமின் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உண்மையில் போகப்போவது எது என்று உறைத்தது. மூன்று குளிர்காலம் பனியில் நடந்து அவர் சேர்த்தது, என் ஒரு பட்டனால் ஒரு காலையில் கலைந்துகொண்டிருந்தது.

நேரே வேனிடம் போனேன். இந்த முறை எதையும் நிரூபிக்கப் போகவில்லை. சேலைக் கடைக்காரரிடம், "என்ன செய்தால் ஏற்றுக்கொள்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். "நீ ஏமாற்றினாய் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றாமலும் இருக்கலாம். ஆனால் என் பின்னால் இத்தனை பையன்கள் இருக்கிறார்கள். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் என்னைத்தான் கேட்பார்கள். நான் என்ன சொல்ல? ஒரு பெண்ணின் மெஷின் சொன்னது என்றா? 'நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்லும்படி எனக்கு ஏதாவது கொடு. போதும்."

திரும்பி வந்தேன். ஒட்டாமல் கையிலேயே வைத்திருந்த என் அட்டவணையை ஏழு துண்டாகக் கிழித்தேன். நல்ல தடிமனான தாள்; வண்ண அச்சு; நேர்த்தியான கட்டங்கள். அண்ணா தடுக்க வந்தவர், எதற்கு என்று புரிந்ததும் விட்டுவிட்டார்.

விதிகளை அங்கேயே நின்று சொன்னேன். ஒவ்வொரு தலைவரும் தன் அணிப் பெயரைத் தன் கையாலேயே, தன் எழுத்திலேயே எழுத வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி மடிக்க வேண்டும். எடுக்கப்படும் சீட்டுகள் இரண்டிரண்டாக மோதும். கடைசியில் மிஞ்சும் சீட்டுக்கு அந்த இடம். இதுவரை யாரும் மறுக்கவில்லை. எதில் போட்டுக் குலுக்குவது, யார் எடுப்பது என்று வந்ததும் மறுபடி தகராறு. அக்காவின் ரோல்ஸ் சட்டி வேண்டாம், அது நடத்துபவர்களுடையது. பாகிஸ்தான் கோல்கீப்பரின் தொப்பி வேண்டாம், அது பாகிஸ்தானுடையது. நான் எடுக்கிறேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அப்போதுதான் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருவர் புல்வெளியைக் கடந்து வேகமாக வந்தார். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் நகராட்சி ஊழியர். புல்லின் மேல் வேன் நிறுத்தக் கூடாது, யாருடைய வேன் அது, உடனே எடுங்கள் என்று பிரெஞ்சில் பொழிந்துகொண்டே வந்தார். வந்து நின்றவரை ஏழு அணித் தலைவர்களும் ஒரே நேரத்தில் மேலும் கீழும் பார்த்தார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒருவர். தலையில் தொப்பியோடு.

சேலைக் கடைக்காரர்தான் அழகான பிரெஞ்சில் அவரிடம் விஷயத்தை விளக்கினார். மதாம், வேனை இந்த நிமிடமே எடுத்துவிடுகிறோம், அதற்கு முன் ஒரே ஒரு உதவி என்று. அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று வித்தைக்காரர் மாதிரி சுற்றிக் காட்டினார். கூட்டம் முதல் முறையாகச் சிரித்தது.

வங்க எழுத்து, பஞ்சாபியரின் குர்முகி, நேபாளிகளின் தேவநாகரி, உருது, இரண்டு தமிழ், ஒரு ஆங்கிலம். சீட்டுகள் விழுந்தன. "அந்த ஆங்கிலச் சீட்டை மட்டும் அவரால் படிக்க முடியுமே," என்று யாரோ ஆட்சேபித்தார்கள். "நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்," என்று சொல்லி அவர் இறுக்கி மூடிக்கொண்டார்.

எடுத்த முதல் சீட்டைப் பிரித்து உயர்த்திப் பிடித்தார். அது என்ன எழுத்து என்றே அவருக்குத் தெரியாது. "எங்களுடையது!" என்று நேபாளத் தலைவர் கத்தினார். அடுத்தது பாகிஸ்தான். முதல் ஆட்டம் முடிவானது. மூன்றாவது வங்காளதேசம். நாலாவது வந்ததும், கையைக் கட்டிக்கொண்டிருந்த தமிழ்த் தலைவர் கையை அவிழ்த்தார். ஐந்தாவது பிலிப்பைன்ஸ்.

தொப்பியில் இரண்டு சீட்டு மிச்சம். ஒன்று பஞ்சாபி. மற்றது அண்ணாவின் கழகம்.

என் வாழ்க்கையில் யாரும் தோற்க வேண்டும் என்று நான் அவ்வளவு உருக்கமாக வேண்டிக்கொண்டதில்லை. ஐயோ, அண்ணாவின் சீட்டு இப்போது வெளியே வந்துவிடட்டும். அவர்களுக்கு அந்த இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். அண்ணாவும் கண்ணை மூடிக்கொண்டு அதையேதான் வேண்டியதாகப் பிறகு சொன்னார்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஆறாவது சீட்டை எடுத்துப் பிரித்தார். குர்முகி.

தொப்பியில் தனியாகக் கிடந்த கடைசிச் சீட்டையும் அவரே எடுத்துப் பிரித்தார். அண்ணாவின் கோணல்மாணலான தமிழ் எழுத்து. அதே கழகம். அதே இடம். முந்தைய நாள் மாலை என் கணினி சொன்ன அதே பதில். எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் சிரித்தது சேலைக் கடைக்காரர். சிறிய சிரிப்பாக ஆரம்பித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். பிறகு அண்ணாவை, வங்காளிகள் அண்ணனை அழைப்பதுபோல அழைத்து, தோளில் ஓங்கி அடித்தார். "தாதா, கடவுளையும் உங்கள் கமிட்டியில் சேர்த்துவிட்டீர்களா?"

அவ்வளவுதான். மைதானமே சிரித்தது. அவர் தன் பையன்கள் பக்கம் திரும்பி வங்காள மொழியில் உரக்க ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் தன் இரண்டு கண்களையும் விரலால் தொட்டுக் காட்டியது புரிந்தது. பைகள் வேனிலிருந்து இறங்கின. வேனும் புல்லிலிருந்து இறங்கியது. நேபாள அணியினர் மறுபடி ஷூக் கயிற்றைக் கட்டினார்கள்.

மற்ற தமிழ் அணியின் தலைவர் மட்டும் என் அருகில் வந்து, "தங்கச்சி, தொப்பிக்குள்ளயும் ஏதும் புரோகிராம் எழுதி வைச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்தது கால்பந்து. அது எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தனை ரகளைக்குக் காரணமான அந்தப் பொன்னான இடத்தில் அண்ணாவின் அணி மரத்தடியில் உட்கார்ந்து, பொழுது போகாமல் அக்காவின் ரோல்ஸ்களைத் தின்றுகொண்டே இருந்தது. அக்கா இரண்டு முறை எச்சரித்தார். அரையிறுதியில், ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஆடி உடம்பு சூடேறியிருந்த நேபாள அணி இவர்களை மூன்று கோல் போட்டு அனுப்பியது. இவர்கள் ஒன்றும் போடவில்லை. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க வந்து விழுந்தவர்களைப் பார்த்து, "சும்மா இருக்கிற இடம் கிடைச்சா இப்பிடித்தான்," என்றார் அக்கா. "இன்னும் பத்து ரோல்ஸ் கிடக்கு. அதையும் முடிச்சிட்டுப் போங்கோ."

இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை எதிர்த்து வங்காளதேசம் ஆடியது. பெனால்டியில் வங்காளதேசம் தோற்றது. கிண்ணத்தை நேபாளத் தலைவர் தூக்கியபோது எல்லா அணிகளும் மைதானத்துக்குள் ஓடின. ஆரஞ்சுச் சட்டைக்காரர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கையில் ரோல்ஸ், ஒரு கையில் தொப்பி. அண்ணா யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். வியர்வை என்றார்.

சேலைக் கடைக்காரர் தோற்ற களைப்போடு என்னிடம் வந்தார். அடுத்த வருடமும் நீயே நடத்து என்றார். உங்களுக்கு என் மேல் சந்தேகம் இல்லையா என்று கேட்டேன். "உன் மேல் எப்போது இருந்தது? எனக்கு உன்னைத் தெரியும். என் பையன்களுக்குத்தான் தெரியாது," என்றார்.

கிண்ணம் நிற்கவில்லை. போன கோடையில் இன்னும் சில அணிகள் சேர்ந்தன. சீட்டுக் குலுக்கல் இப்போது ஒரு தனி விழா. போட்டிக்கு முந்தைய வாரம் அவருடைய சேலைக் கடையில் நடக்கிறது. ஆடாதவர்களும் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். மைதானத்தையும் நேரத்தையும் பிரிக்க என் புரோகிராமைத்தான் பயன்படுத்துகிறோம்; அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதை மெஷினிடம் விடலாம், எதை விடக் கூடாது என்று எங்களுக்கு இப்போது தெரியும்.

அலுவலகத்தில் நான் எழுதும் ஏதாவது ஒரு புரோகிராம் வேறு யாருடைய அன்றாட வாழ்வையாவது தீர்மானிக்கும் என்றால், அதை முடிவு செய்யும்போது அந்த ஆட்களில் ஒருவரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன். வேலை கொஞ்சம் தாமதமாகிறது, மேலாளர் முணுமுணுக்கிறார். நான் நேர்மையாக இருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தவள் நான். அது இன்னொருவர் தன் ஆட்களிடம் போய் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது.